ஏபி மனிதப் புவியியலும் ஐரோப்பிய வரலாறும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மகன் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறான். பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடங்களான ஏபியில் மனிதப் புவியியல் எடுக்கலாம் என்கிறார்கள். அதே ஆண்டில் ஏபி ஐரோப்பிய வரலாறும் எடுத்துவிட்டால் ஒரு வேலை முடிந்துவிடும் அல்லவா? பொறியியல்தான் அவன் விருப்பம்.
(ஒரு தாய், டெக்ஸஸ்)

பதில்: இரண்டையும் ஒரே ஆண்டில் ஏற்ற வேண்டாம். முதலில் மனிதப் புவியியல், வரலாறு அடுத்த ஆண்டு. புவியியலில் 7 அலகுகள். தேர்வில் 60 கொள்குறி வினாக்களுக்கு 60 நிமிடம், எழுத்து வினா மூன்றுக்கு 75 நிமிடம், இரண்டு பகுதிக்கும் பாதிப் பாதி மதிப்பு. கட்டுரை கிடையாது. துண்டு துண்டாகக் கேட்பதற்குத் துண்டு துண்டாகப் பதில் எழுதினால் போதும். ஐரோப்பிய வரலாறு 1450 முதல் இன்றுவரை நீள்கிறது, 9 அலகுகள். 55 கொள்குறி வினாக்கள், 3 குறுவிடைகள், அதன்மேல் இரண்டு முழுக் கட்டுரைகள். வாதம் வைத்து எழுதிப் பழகாத பதினான்கு வயதுப் பிள்ளை அந்தக் கட்டுரைகளில்தான் மதிப்பெண்ணைக் கோட்டைவிடும்.

பொறியியலுக்குப் போகிறவருக்கு நேரடிப் பயன், கல்லூரியில் கட்டாயமாக எடுக்க வேண்டிய சமூக அறிவியல் அல்லது கலைப்புலப் (ஹியூமானிட்டீஸ்) பாடம் ஒன்று குறையலாம் என்பது. குறையுமா என்பது கல்லூரியைப் பொறுத்தது. சிலர் ஐந்துக்கு 3 வாங்கினாலே கிரெடிட் (அந்தப் பாடத்தை முடித்ததாகக் கணக்கு) தருவார்கள், சிலர் 4 அல்லது 5 கேட்பார்கள், சிலர் தருவதே இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரிப்பதைவிட அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் ஏபி பட்டியலைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: என் மகளுக்குக் கோட்பாடுகள் எல்லாம் மனப்பாடம். ஆனால் எழுத்து வினாவில் ஏழுக்கு இரண்டு, மூன்றுதான் வருகிறது. எங்கே தவறு?
(நியூஜெர்சி)

பதில்: வினாவின் வினைச்சொல்லில். ஒவ்வொரு எழுத்து வினாவும் 7 சிறு பகுதிகள், பகுதிக்கு ஒரு மதிப்பெண். ‘ஐடென்டிஃபை’ என்றால் பெயரைச் சொன்னால் போதும். ‘டிஸ்க்ரைப்’ என்றால் அது எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். ‘எக்ஸ்ப்ளெயின்’ என்றால் ஏன், எப்படி என்ற காரணச் சங்கிலி இல்லாமல் மதிப்பெண் இல்லை. மனப்பாடம் செய்த பிள்ளைகள் மூன்றுக்கும் ஒரே வரியை எழுதிவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஜெர்மானியப் பொருளியலாளர் ஃபான் தூனன் 1826இல் சொன்ன, நகரத்தைச் சுற்றிய நிலப்பயன்பாட்டு வளையங்களில் பால் பண்ணை ஏன் நகரத்தை ஒட்டி இருக்கிறது என்று விளக்கச் சொல்கிறார்கள். “பால் முதல் வளையத்தில் உள்ளது” என்றால் பூஜ்யம். “பால் சீக்கிரம் கெட்டுவிடும், குதிரை வண்டிக் காலத்தில் தொலைவிலிருந்து கொண்டுவர முடியாது, ஆகவே நகரத்தருகே நிலத்துக்கு அதிக வாடகை கொடுத்தும் பால் பண்ணைக்காரருக்குக் கட்டுப்படியாகும்” என்றால் முழு மதிப்பெண். இரண்டாம் வளையத்தில் காடு இருப்பதும் அப்படித்தான்: அன்று அடுப்புக்கும் கட்டடத்துக்கும் விறகும் மரமும் வேண்டும், அவை கனமான சரக்கு, வண்டிக்கூலி அதிகம். இந்தக் காரணம் புரிந்த பிள்ளை, “இன்று இது ஏன் பொருந்தாது?” என்று அடுத்த பகுதியில் கேட்டால் குளிரூட்டிய லாரியைத் தானே எழுதிவிடும்.

முன்னுரை, முடிவுரை எதுவும் வேண்டாம். ஏ, பி, சி என்று பகுதியைக் குறித்துவிட்டு நேரே பதில். ஒரு வினாவுக்கு 25 நிமிடம். “நல்ல வாழ்க்கை தேடி இடம்பெயர்ந்தார்கள்” போன்ற பொத்தாம்பொது வாக்கியத்தைக் கண்டால் திருத்துபவர் கடந்து போய்விடுவார். எந்த வேலை, எந்த ஊர், என்ன கூலி வேறுபாடு என்று எழுதப் பழக்குங்கள்.

வீட்டில் தமிழில் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ‘ஸ்டேட்’ என்றால் இந்தப் பாடத்தில் மாநிலம் அல்ல, இறையாண்மை உள்ள நாடு. ‘நேஷன்’ என்பது நாடல்ல, தன்னை ஓரினமாக உணரும் மக்கள் கூட்டம். குர்து மக்கள் நாடில்லாத நேஷன். டெக்ஸஸில் வளரும் பிள்ளைக்கு ஆங்கிலத்திலேயே இது குழப்பும். தமிழில் ‘மாநிலம்’ என்று சொல்லி இன்னும் குழப்பாதீர்கள்.

கேள்வி: மக்களடர்த்தியில் இரண்டு கணக்கு எதற்கு?
(ஒன்பதாம் வகுப்பு மாணவர்)

பதில்: எகிப்தை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு ஏறத்தாழ 10 லட்சம் சதுர கிலோமீட்டர், மக்கள் 10 கோடிக்கு மேல். மொத்தப் பரப்பால் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு நூற்றுச் சொச்சம் பேர், நெருக்கடியே இல்லை போலத் தோன்றும். ஆனால் சாகுபடிக்கு உகந்த நிலம் சுமார் 4 சதவீதம்தான். அதனால் மட்டும் வகுத்தால் 2,500ஐத் தாண்டுகிறது. முதல் எண் பாலைவனத்தையும் சேர்த்துக்கொள்கிறது, இரண்டாவது நைல் கரையில் சோற்றுக்கு எவ்வளவு நெருக்கடி என்று காட்டுகிறது. இரண்டுக்கும் இடையிலான இடைவெளியைத்தான் தேர்வில் கேட்பார்கள்.

கேள்வி: புவியியலில் வரும் மாதிரிகள் (மாடல்கள்) எல்லாம் பழைய ஐரோப்பாவைப் பார்த்துச் செய்தவை போலிருக்கிறதே? வரலாறு படித்தால் உதவுமா?
(கலிஃபோர்னியா)

பதில்: நல்ல சந்தேகம். இரண்டு பாடமும் ஒன்றுக்கொன்று கை கொடுப்பது இங்கேதான். ரேவன்ஸ்டைன் 1885இல் இடப்பெயர்வு விதிகளை எழுதியது பிரிட்டனின் 1871, 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை வைத்து. அமெரிக்கப் பொருளியலாளர் ராஸ்டோவின் ஐந்து பொருளாதார வளர்ச்சிப் படிகளில் ‘மேலெழும்’ (டேக்-ஆஃப்) கட்டத்துக்கு அவர் காட்டிய முதல் நாடு பிரிட்டன், காலம் 1783 முதல் 1802 வரை. மக்கள்தொகை மாற்ற மாதிரியோ, முதலில் இறப்பு குறையும், தொழில்மயம் வந்தபின் பிறப்பு குறையும் என்கிறது. பிரான்ஸில் தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன்பே, புரட்சிக் காலத்தை ஒட்டியே, பிறப்பு விகிதம் சரியத் தொடங்கிவிட்டது. மாதிரி பிறந்த ஐரோப்பாவுக்குள்ளேயே அது முழுதாகப் பொருந்தவில்லை! “மாதிரியின் குறைபாடு ஒன்றை விளக்குக” என்ற வினாவுக்கு இதைவிடக் கூர்மையான பதில் கிடைப்பது அரிது.

இன்னொன்று அயர்லாந்து. 1841இல் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் 65 லட்சமாகச் சுருங்கியது. 1845இல் உருளைக்கிழங்கைத் தாக்கிய நோய், பஞ்சம். சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், அதற்குக் குறையாத பேர் கப்பலேறினார்கள். மால்தஸ் சொன்னபடி உணவை மிஞ்சிப் பெருகிய மக்கள்தொகை என்று எழுதி நிறுத்தும் பிள்ளைதான் அதிகம். அதே ஆண்டுகளில் அயர்லாந்திலிருந்து தானியமும் கால்நடையும் ஏற்றுமதியாயின. துண்டு நிலம் வைத்திருந்த குத்தகைதாரர், வாடகைக்காக மற்ற விளைச்சலை விற்றுவிட்டு உருளைக்கிழங்கை மட்டுமே தின்று வாழ்ந்தார். நில உரிமையும் லண்டனின் கொள்கையும் இல்லாமல் இந்தப் பஞ்சத்தை விளக்க முடியாது. லிவர்பூலுக்கும் நியூயார்க்குக்கும் போனவர்கள், தொலைதூரம் போகிறவர்கள் பெருநகரங்களையே நாடுவார்கள் என்ற ரேவன்ஸ்டைனின் விதிக்குச் சாட்சி. ஒரே நிகழ்வு, இரண்டு தேர்வுக்கும் உதவும்.

கேள்வி: ஐரோப்பிய வரலாற்றில் ஆவணக் கட்டுரை, அதாவது டிபிக்யூ, எப்போதும் காலை வாருகிறது.
(பத்தாம் வகுப்பு மாணவி)

பதில்: 7 ஆவணங்கள், 7 மதிப்பெண், 60 நிமிடம், அதில் 15 நிமிடம் படிக்க. மையக் கூற்றுக்கு 1, சூழலுக்கு 1, ஆவணச் சான்றுக்கு 2, வெளிச் சான்றுக்கு 1, ஆவணத்தின் மூலத்தை அலசுவதற்கு 1, வாதத்தின் ஆழத்துக்கு 1. நான்கு ஆவணங்களை வாதத்துக்குத் துணையாக்கினால் சான்றின் இரண்டும் கிடைக்கும். ஆவணத்தைச் சுருக்கி எழுதுவது வேறு, வாதத்துக்குப் பயன்படுத்துவது வேறு. பெரும்பாலோர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

மூலத்தை அலசுவதில் வழக்கமான சறுக்கல், “மெட்டர்னிக் ஆஸ்திரியர், ஆகவே ஒருதலைப்பட்சம்” என்பது. இதற்கு ஒன்றும் கிடைக்காது. “1815க்குப் பின் பழைய மன்னராட்சி ஒழுங்கைக் காத்தவர் அவர், அரசியலமைப்புக் கோரிக்கையை நோய் போலச் சித்திரிக்கிறார், ஆகவே மக்கள் எதை விரும்பினார்கள் என்பதைவிட ஆள்வோர் எதற்கு அஞ்சினார்கள் என்பதற்கே இது சான்று” என்று எழுதுங்கள். அந்த ‘ஆகவே’ வாதத்தோடு இணைய வேண்டும். இரண்டு ஆவணங்களுக்கு இதைச் செய்தால் போதும். வெளிச் சான்றாக, 1849இல் பிராங்பர்ட் நாடாளுமன்றம் நீட்டிய ஜெர்மன் மகுடத்தைப் பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெடெரிக் வில்லியம் மறுத்ததைச் சேர்க்கலாம். சூழல் பத்தியில் எழுதியதையே வெளிச் சான்றாக மறுபடி எண்ண மாட்டார்கள்.

நேரம் இன்னொரு வில்லன். டிபிக்யூவுக்கும் அடுத்த நீள் கட்டுரைக்கும் சேர்த்தே 100 நிமிடம், இடையில் மணி அடிக்க மாட்டார்கள். 60ஆவது நிமிடத்தில் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

கேள்வி: ரஷ்யாவின் ‘பிப்ரவரி புரட்சி’ மார்ச்சில் நடந்தது என்று புத்தகத்தில் இருக்கிறது. அச்சுப்பிழையா?
(அதே மாணவி)

பதில்: பிழை இல்லை. ரஷ்யா அப்போது ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, மேற்கு ஐரோப்பாவைவிட 13 நாள் பின்னால். அதனால்தான் 1917இன் ‘அக்டோபர் புரட்சி’ அங்கே அக்டோபர் 25, பாரிஸில் நவம்பர் 7. 1918இல் ரஷ்யா மாறியபோது ஜனவரி 31க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14. பிரிட்டன் இதை 1752லேயே செய்துவிட்டது. தேர்வில் எந்தத் தேதியை எழுதினாலும் 1917 மாறப்போவதில்லை, கவலையை விடுங்கள்.