ஃபாரடேக்குக் கணக்கு வராது – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடே கணக்கே தெரியாமல் மின்சாரத்தைக் கண்டுபிடித்தார் என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு, "அப்புறம் எனக்கு எதுக்குக் கணக்கு?" என்கிறான். என்ன சொல்வது? அறிவியல் வரலாற்றுக்கு ஒரு புத்தகமும் சொல்லுங்கள். மின்சாரம் நம் முன்னோருக்கே தெரியும் என்கிறார்களே, உண்மையா?

கே.

அன்புள்ள கே.,

முன்னோரை விட்டுவிடுங்கள், பாவம். ஃபாரடேயும் மின்சாரத்தைக் கண்டுபிடிக்கவில்லை. அவர் பிறந்தது 1791. கூலும் என்ற பிரெஞ்சுக்காரர் 1785-லேயே மின்விசையை அளந்துவிட்டார்.

ஃபாரடேக்குக் கணக்கு வராது என்பது நிஜம்தான். ஆனால் அவர் அதைச் சொல்லிக்கொண்டு திரியவில்லை. 1822-ல் பிரெஞ்சு விஞ்ஞானி ஆம்பியருக்கு எழுதிய கடிதத்தில் அதைத் தன் குறையாகத்தான் சொல்கிறார், அதனால் சோதனை முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தடவிக்கொண்டுதான் போகவேண்டியிருக்கிறது என்று. அந்தத் தடவலுக்கு எவ்வளவு உழைப்பு தெரியுமா? ஆய்வுக் குறிப்பேட்டில் பத்திக்குப் பத்தி எண் போட்டு எழுதியவர், எண் 16,000-ஐத் தாண்டியது. உங்கள் பையன் நூறு பத்தி எழுதட்டும், பிறகு கணக்கை விடுவது பற்றிப் பேசுவோம்.

அப்படி உழைத்து ஃபாரடே என்னதான் கண்டுபிடித்தார்? 1820-ல் ஆயர்ஸ்டெட் என்ற டேனிஷ் விஞ்ஞானி கோபன்ஹேகனில், மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதைக் காட்டினார். அப்படியானால் காந்தத்திலிருந்து மின்சாரம் வரவேண்டுமே? எல்லோரும் தேடினார்கள், காந்தம் சும்மா பக்கத்தில் இருந்தாலே கம்பியில் மின்சாரம் நிற்காமல் ஓடும் என்ற நினைப்பில். ஃபாரடே 1831 ஆகஸ்ட் 29 அன்று ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றி, ஒன்றை பேட்டரியில் இணைத்தார். மற்றதன் அருகிலிருந்த ஊசி துள்ளியது, அடங்கிவிட்டது. பேட்டரியைக் கழற்றியபோது மறுபடி துள்ளியது. நடுவில் ஒன்றுமில்லை. மாற்றம் இருந்தால்தான் மின்சாரம்!

எங்கள் பள்ளியில் இந்தப் பாடம் நடந்தபோது, சுருளுக்குள் காந்தத்தை அப்படியே வைத்திருந்தால் மீட்டரின் முள் ஏன் சார் நகரவில்லை என்று ஒருவன் கேட்டான். "பரீட்சைக்கு வராது, உட்காருடா" என்றார் வாத்தியார். ஐரோப்பாவே பதினோரு வருடம் முட்டிக்கொண்ட கேள்வி ஐயா அது! இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, கணக்கு. ஃபாரடே இரும்புத்தூளில் பார்த்த விசைக்கோடுகளை, அதாவது காந்தத்தைச் சுற்றித் தூள் வரிசைகட்டி நிற்கும் கோடுகளை, அன்றைய கணிதக்காரர்கள் பலர் பொருட்படுத்தவில்லை. மாக்ஸ்வெல் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி 1850-களில் அவற்றுக்குச் சமன்பாடு எழுதத் தொடங்கி, 1860-களில் ஒளியே மின்காந்த அலை என்பதுவரை போனார். கோடு மட்டும் அங்கே கொண்டுபோயிருக்காது. ஆகவே பையன் இன்டகிரேஷன் போடட்டும். ரொம்பத் திட்டாதீர்கள், சாக்குக்காவது ஃபாரடேயைப் பிடித்திருக்கிறானே, நல்ல பையன்தான்.

புத்தகமா? மெழுகுவர்த்தியை வைத்து ஃபாரடே சிறுவர்களுக்கு ஆற்றிய உரைகள் நூலாகக் கிடைக்கின்றன. மின்சாரம் அதில் கொஞ்சம்தான் வரும். பரவாயில்லை.