பறக்கப் பயம்: லண்டனிலிருந்து டொரன்டோ போக என்ன வழி?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். வயது 58. செப்டம்பர் நடுவில் டொரன்டோவில் தங்கை மகளுக்குக் கல்யாணம். கடைசியாக விமானத்தில் வந்தபோது கடலுக்கு மேலே பலமாகக் குலுக்கியது. அதிலிருந்து விமானம் என்று நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. ஐஸ்லாந்து வரை கப்பலில் போய், அங்கிருந்து பறந்தால் பறக்கும் நேரம் குறையும் என்கிறான் மகன். முழுக்கக் கப்பலிலேயே போக முடியுமா? எனக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட், கணவருக்கு இலங்கை பாஸ்போர்ட்.

பதில்: முடியும். போகும்போதும் வரும்போதும் விமானமே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. ஆனால் உங்களுக்கு நான் சொல்வது வேறு: போகும்போது கப்பல், திரும்பும்போது எங்கும் நிற்காத ஒரே விமானம்.

மகன் அக்கறையோடுதான் கணக்குப் போட்டிருக்கிறார். ஆனால் அவர் எண்ணுவது மணிகளை. பறக்கப் பயப்படுகிற பலருக்கும் உயிர் போய் வருவது ஓடுபாதையில் வேகம் எடுப்பதிலிருந்து முதல் அரைமணி நேரம், பிறகு குலுக்கும்போது, அப்புறம் இறங்கும்போது. ஆகவே எத்தனை மணி நேரம் என்பதைவிட எத்தனை தடவை ஏறி இறங்குகிறோம் என்பதைப் பாருங்கள். ஐஸ்லாந்துக்குக் கப்பல் உண்டு. டென்மார்க்கின் வடமுனையில் ஹிர்ட்ஷால்ஸ் துறைமுகத்திலிருந்து ஃபாரோ தீவுகள் வழியாக நோரோனா என்ற கப்பல் போகிறது. அது உங்களை இறக்கிவிடுவதோ தீவின் கிழக்குக் கரையில். கெஃப்லாவிக் விமான நிலையம் மேற்கு மூலையில், கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர் தள்ளி. அங்கிருந்தும் டொரன்டோவுக்கு ஆறு மணி நேரம் பறக்கத்தான் வேண்டும். லண்டனிலிருந்து நேராகப் போனால் எட்டு மணி. இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்த ஒரு வாரம் அலைவீர்கள். ஏறுவதும் இறங்குவதும் ஒன்றுகூடக் குறையாது. லண்டனிலிருந்து ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யாவிக் போய் விமானம் மாறுவது அதைவிட மோசம், பயப்படும் கட்டங்கள் இரண்டு மடங்காகிவிடும்.

சரக்குக் கப்பல் பற்றியும் யாராவது சொல்லுவார்கள். 12 பயணிகள் வரை ஏற்றிக்கொண்ட கப்பல்கள் இருந்தன. 2020 பெருந்தொற்றோடு பெரும்பாலான நிறுவனங்கள் அதை நிறுத்திவிட்டன. தேதியும் உறுதியாக இருக்காது. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் அதை நம்பக் கூடாது. உல்லாசக் கப்பல்கள் இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவை விட்டு கரீபியனுக்கு இடம் மாறும்போது குறைந்த விலைக்கு டிக்கெட் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் முகூர்த்தத்துக்கு அது பிந்திவிடும்.

மிஞ்சுவது குயின் மேரி 2. குனார்ட் நிறுவனத்தின் இந்தக் கப்பல் 2004 முதல் ஓடுகிறது. சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே கால அட்டவணை போட்டு இன்று போய்வருவது இது ஒன்றுதான். வழக்கமாக ஏழு இரவுகள். வருடத்தின் முதல் மாதங்களில் பெரும்பாலும் உலகச் சுற்றுக்குப் போய்விடும்; கோடையிலும் இலையுதிர் காலத்திலும் அட்லாண்டிக் பயணங்கள் நிறைய. லண்டன் வாட்டர்லூவிலிருந்து சவுத்தாம்ப்டன் ரயிலில் ஒன்றே கால் மணி, ஒன்றரை மணி நேரம்தான்.

கடல் பயம் ஒன்று புதிதாக வந்துவிடுமோ என்று யோசிப்பீர்கள். இது துறைமுகம் துறைமுகமாகச் சுற்றிக் காட்டுவதற்கென்று கட்டிய உல்லாசக் கப்பல் அல்ல. 345 மீட்டர் நீளம், தண்ணீருக்கு அடியில் சுமார் 10 மீட்டர் ஆழம், நீண்ட கூரான முகப்பு. வட அட்லாண்டிக் அலையைக் கிழித்துப் போவதற்கென்றே கட்டியது. ஆனாலும் ஆடாது என்று சொல்ல மாட்டேன். நல்ல காற்று வீசினால் நடக்கும்போது கைப்பிடியைத் தேடுவீர்கள். கேபினைத் தேர்ந்தெடுக்கும்போது கப்பலின் நீளத்தில் நடுவிலும், கீழ்த் தளங்களிலும் கேளுங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு. பால்கனி இருக்கிறது என்பதற்காக உயரத்தில், முன் மூலையில் எடுத்துவிடாதீர்கள். குமட்டலுக்கு சின்னரிசின் மாத்திரை பிரிட்டனில் மருந்துக்கடையிலேயே கிடைக்கும். வேறு மாத்திரைகள் எடுப்பவராக இருந்தால் மருந்தாளரிடம் கேட்டு வாங்குங்கள். குமட்டல் வந்த பிறகு போட்டால் பலன் குறைவு. கப்பல் கிளம்பும் முன்பே போட வேண்டும்.

இன்னொரு வசதியைப் பலரும் கவனிப்பதில்லை. மேற்கே போகும்போது ஐந்து இரவுகளில் கடிகாரத்தை ஒவ்வொரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். நாளுக்கு 25 மணி நேரம். நியூயார்க்கில் இறங்கும்போது உடம்பு அந்த ஊர் நேரத்துக்குப் பழகியிருக்கும். கிழக்கே திரும்பும்போது இதுவே தலைகீழ்: 23 மணி நேர நாட்கள். கப்பலைப் போகும் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

விலையைப் பார்த்ததும் மலைக்காதீர்கள். அதில் ஏழு இரவுத் தங்கலும் எல்லா வேளைச் சாப்பாடும் அடக்கம். சைவம் என்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். மாலை விருந்துகளுக்கு ஆடை விதி உண்டு, கல்யாணத்துக்குக் கொண்டுபோகிற பட்டுச்சேலையே போதும். விமானம் போலப் பெட்டியை நிறுத்துப் பார்க்க மாட்டார்கள் என்பது சீர்வரிசை கொண்டுபோகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அந்தப் பெட்டிகளை அப்புறம் ரயிலில் நீங்களே ஏற்றி இறக்க வேண்டும். இன்னொன்று, பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்கச் சுங்கத்தில் விட மாட்டார்கள். எலுமிச்சை வகை மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் வரும் என்பதால் தடை.

கப்பல் விடியும் முன்பே நியூயார்க் துறைமுகத்துக்குள் நுழையும். வெரசானோ பாலத்துக்கு அடியில் போகும்போது புகைபோக்கி இடித்துவிடும் போலத் தெரியும்; அந்தப் பாலத்தைக் கணக்கில் வைத்தே அதன் உயரத்தைத் தீர்மானித்தார்கள். எழுந்து மேல் தளத்துக்குப் போய்ப் பாருங்கள். இறங்குவது புரூக்ளினில். டொரன்டோவுக்கு மேப்பிள் லீஃப் என்ற ரயில் தினம் ஒன்றுதான், அதுவும் காலையில் சீக்கிரம் கிளம்பிவிடும். குடிவரவு முடித்து அன்றே பிடிக்க முடியாது. ஆகவே மன்ஹாட்டனில் பென் ஸ்டேஷன் பக்கம் ஓர் இரவு தங்குங்கள். மறுநாள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம். ஹட்சன் ஆற்றங்கரையோரம் போகும் முதல் பகுதி அழகு. இடது பக்கம் உட்காருங்கள். நயாகராவில் கனடா எல்லை வந்ததும் எல்லோரும் பெட்டியோடு இறங்கி அதிகாரிகளைப் பார்த்துவிட்டு ஏற வேண்டும். இதில் தாமதம் சகஜம். டொரன்டோ யூனியன் ஸ்டேஷனுக்கு ராத்திரி யாராவது வந்து கூட்டிப்போகட்டும்.

ஆகஸ்ட், செப்டம்பர் புயல் காலம். கப்பல் புயலைச் சுற்றிப் போனால் தாமதமாகலாம். முகூர்த்தத்துக்குக் குறைந்தது நான்கைந்து நாள் முன்பு டொரன்டோவில் இருக்கும்படி தேதி பாருங்கள்.

இனி பேப்பர் விஷயம். இதைத்தான் முதலில் முடிக்க வேண்டும். உங்கள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்காவுக்குள் கப்பலில் போனாலும் எஸ்டா என்ற இணைய முன் அனுமதி வேண்டும். கனடாவின் இடிஏ என்ற அதே மாதிரி முன் அனுமதி விமானத்தில் வருகிறவர்களுக்குத்தான்; ரயிலில் போவதால் உங்களுக்குத் தேவையில்லை. கணவரின் நிலை வேறு. நியூயார்க்கில் ஒரே ஓர் இரவு தங்கினாலும் இலங்கை பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும், கனடாவுக்குத் தனி விசா. பிரிட்டனில் நிரந்தர வதிவிட உரிமை இருப்பது இரண்டுக்கும் ஈடாகாது. அமெரிக்க விசா நேர்காணலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். கல்யாணத் தேதி முடிவானதும் விண்ணப்பித்துவிடுங்கள். விசா கைக்கு வரும் முன்பு திரும்பக் கிடைக்காத கப்பல் டிக்கெட்டைப் போடவே வேண்டாம். அமெரிக்க விசா தாமதமானால் அவர் கனடா விசாவோடு நேராக விமானத்தில் வரட்டும், நீங்கள் மகனோடு கப்பலில் போகலாம்.

திரும்பி வரும் விமானம். மேற்கிலிருந்து வீசும் உயர்வானக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் டொரன்டோ–லண்டன் ஏழு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அது பெரும்பாலும் இரவுப் பயணம். இருட்டில் பறப்பதுதான் உங்களுக்குத் தாங்காது என்றால் நியூயார்க்குக்கு ரயிலில் திரும்பி, அங்கிருந்து காலையில் கிளம்பும் பகல் விமானத்தில் வரலாம். இருக்கையை இறக்கைக்கு மேலே கேளுங்கள். குலுக்கம் பின்பக்கத்தில்தான் அதிகம் தெரியும். பெல்ட்டை இறுக்கிப் போட்டே வைத்திருங்கள். குலுக்கத்தில் காயம்படுகிறவர்களில் பெரும்பாலோர் பெல்ட் போடாதவர்கள்.

இதற்கு முன்னால், கோடையிலேயே, பறக்கும் பயத்துக்கான ஒருநாள் வகுப்பு ஒன்றுக்குப் போய்வாருங்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஈஸிஜெட் போன்றவை நடத்துகின்றன. விமானிகளும் உளவியலாளர்களும் பேசுவார்கள். கூடவே அழைத்துப்போகும் குட்டிப் பயணமும் உண்டு. தடவைகளைக் குறைக்கச் சொல்லிவிட்டு ஒரு தடவையைக் கூட்டுகிறேன்தான். ஆனால் அது கைபிடித்துக் கூட்டிப்போகும் தடவை. பதற்றம் தணிக்கும் டயசெபாம் மாத்திரை எழுதித் தரும்படி ஜிபியை, அதாவது குடும்ப மருத்துவரைக் கேட்க நினைத்திருப்பீர்கள். பறக்கும் பயத்துக்கு அதைத் தருவதில்லை என்பதே பிரிட்டனில் பல ஜிபி நிலையங்களின் விதி. அசைவில்லாமல் தூங்கினால் காலில் ரத்தம் உறையலாம், அவசரத்தில் உடம்பு எழும்பாது என்பதெல்லாம் காரணம்.

நடுக்கடலில் ஏதாவது ஆனால் எங்கே இறங்குவது என்ற கேள்வி உங்களைத் துளைத்திருக்கும். அட்லாண்டிக்கைத் தாண்டும் இரட்டை எஞ்சின் விமானங்கள் ஓர் எஞ்சின் நின்றாலும் மற்றதை வைத்து மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பறக்க அனுமதி பெற்றவை. அந்த நேரத்துக்குள் இறங்கக்கூடிய ஓடுபாதை எப்போதும் இருக்கும்படியே பாதை வகுக்கிறார்கள். கேண்டர், கூஸ் பே, கெஃப்லாவிக், ஷானன் எல்லாம் அப்படிக் காத்திருக்கும் இடங்கள். கிளம்பியதும் காலுக்கடியில் தடால் என்று ஒரு சத்தம் வரும். சக்கரம் உள்ளே போகிறது. இன்னும் சற்று நேரத்தில் எஞ்சின் சத்தம் சட்டென்று இறங்கும், விமானமே கீழே போவதுபோல வயிறு சொல்லும். விழவில்லை. தரையை விட்டு எழும்பத் தேவைப்பட்ட கூடுதல் உந்துவிசையை விமானி குறைக்கிறார், விமானம் அப்போதும் மேலேதான் ஏறிக்கொண்டிருக்கும். வாசலில் ஏறும்போதே பணியாளரிடம் பயம் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். குலுக்கும்போது வந்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள்.