வீட்டில் படிக்கும் பிள்ளையை ஏன் எல்லோரும் சோதிக்கிறார்கள்?

வணக்கம்.

எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு வருடமாகப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். வெளியே போனால் யாராவது “எந்த ஸ்கூல் பாப்பா?” என்று கேட்பார்கள். வீட்டில்தான் படிக்கிறேன் என்று அவள் சொன்னதும் முகம் மாறிவிடும், அடுத்து “எங்கே, ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லு” என்பார்கள். என் சொந்த அக்காவே போன மாதம், “உன் பிடிவாதத்துக்குக் குழந்தையோட வாழ்க்கையைக் கெடுக்காதே” என்றாள். இப்போதெல்லாம் யாராவது வந்தால் மகள் உள்ளறைக்குப் போய்விடுகிறாள். எங்கள் மேல் ஏன் இவ்வளவு கோபம்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் வீட்டில் பாடம் எப்படி நடக்கிறது என்று நான் பார்த்ததில்லை, அதனால் அதைப் பற்றித் தீர்ப்பு சொல்லமாட்டேன். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையை வழியில் நிறுத்தி வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வது தப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பரைப் பார்க்கப் போனபோது, வீட்டிலேயே படிக்கும் அவருடைய மகன் தரையில் பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். கையிலிருந்த செய்தித்தாளை நீட்டி, “இதைப் படி பார்க்கலாம்” என்றேன். சரளமாகப் படித்தான். ஆனால் படிப்பதற்கு முன்னால் அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்தான், தான் தடுமாறினால் அவளுக்குத் தலைகுனிவு என்று அந்த வயதிலேயே தெரிந்துவைத்திருந்தவனாக. பள்ளிக்குப் போகும் எந்தப் பிள்ளையிடமும் நான் அப்படிக் காகிதத்தை நீட்டியதில்லை.

பள்ளிப் பிள்ளைக்கு வாய்ப்பாடு வரவில்லை என்றால் “அவனுக்குக் கணக்கு ஏறவில்லை” என்று சொல்லிவிட்டு எல்லோரும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள், அந்தப் பள்ளியையே மூடச் சொல்லி யாரும் கிளம்பமாட்டார்கள். உங்கள் மகள் தடுமாறினால் மட்டும் உங்கள் முடிவே தப்பென்று ஆகிவிடுகிறது. ஒரு குடும்பத்தின் முடிவு சரியா தப்பா என்று நிரூபிக்கிற வேலையை அந்தக் குழந்தையின் தலையில் கட்டுகிறோம்.

சரி, கோபம் ஏன் என்று கேட்டீர்கள். “நாங்கள் அனுப்பவில்லை” என்று நீங்கள் சொல்வது பலர் காதில் “நீங்கள் அனுப்புவது தப்பு” என்று விழுகிறது. கடன்பட்டுப் பிள்ளையைப் படிக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள், தாங்கள் மிதிக்க முடியாமல் போன பள்ளிப் படியைப் பிள்ளையாவது மிதிக்கட்டும் என்று உழைப்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளி தேவையில்லை என்று ஒருவர் சொன்னால் அவர்களுக்கு வலிக்கும், அந்த வலியை நான் மதிக்கிறேன். கட்டாயக் கல்விச் சட்டத்தை அமெரிக்காவில் முதலில் கொண்டுவந்தது மாசசூசெட்ஸ் மாநிலம், 1852-இல். எல்லா மாநிலங்களுக்கும் அது வந்துசேர 1918 ஆகிவிட்டது. ஆலைக்கும் வயலுக்கும் போக வேண்டியிருந்த எத்தனையோ பிள்ளைகளை வகுப்பறைக்குக் கொண்டுவந்ததில் அப்படிப்பட்ட சட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் மக்கள் பார்வை மாறாமலே இருக்கும் என்று நினைக்காதீர்கள். பள்ளி ஆசிரியராக இருந்த ஜான் ஹோல்ட், பள்ளிகளைத் திருத்த முடியும் என்ற நம்பிக்கையை இழந்து, வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்காக 1977-இல் ஒரு சிறு பத்திரிகை தொடங்கினார். அமெரிக்காவில் 1985-இல் எடுத்த கருத்துக்கணிப்பில் 73 சதவீதம் பேர் வீட்டுக்கல்வியைக் கெட்டது என்றார்கள், 2001-இல் அது 54 ஆகக் குறைந்தது. இடையில், 1993-க்குள், 50 மாநிலங்களிலும் அது சட்டப்படி செல்லும் என்றாகிவிட்டது. தெரிந்தவர் வீட்டிலேயே அப்படிப் படிக்கும் பிள்ளை ஒன்று இருந்தால் பயம் தானாகக் குறைகிறது என்றுதான் நான் நினைக்கிறேன். அப்புறம் 2020-இல் கொரோனா வந்து பள்ளிகள் மூடியபோது, வீட்டிலேயே சொந்தமாகக் கற்பிப்பதாகச் சொன்ன குடும்பங்கள் அந்த ஒரே வருடத்தில் 5.4 சதவீதத்திலிருந்து 11.1 சதவீதமானதாக அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை சொன்னது.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. இங்கிலாந்துச் சட்டம் பிள்ளைக்குப் பள்ளியிலோ வேறு வழியிலோ கல்வி கிடைத்தால் போதும் என்கிறது. ஜெர்மனியில் மிகச் சில விதிவிலக்குகள் தவிரப் பள்ளிக்குப் போயே ஆக வேண்டும், 2006-இலும் 2019-இலும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அந்த நாட்டின் பக்கமே நின்றது. ஒதுங்கி வாழும் தனித்தனிக் கூட்டங்களாகச் சமூகம் உடைந்துவிடக் கூடாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதை முட்டாள்தனம் என்று நான் ஒதுக்கமாட்டேன்.

உங்களிடம் கேட்கப்படுவதில் நியாயமான கேள்வி ஒன்று உண்டு. யார் கண்ணிலும் படாமலே ஒரு பிள்ளை வளர்ந்தால் அதற்கு நடக்கும் கொடுமை யாருக்குத் தெரியும்? உடம்பில் காயத்தோடு வரும் பிள்ளையைப் பல நேரம் முதலில் கவனிப்பது வகுப்பு ஆசிரியர்தான். அதனால் வருடத்துக்கு ஒருமுறை வெளி ஆள் ஒருவர் வந்து பிள்ளையைப் பார்த்துப் பேச வேண்டும் என்று ஏற்பாடு இருந்தால் அதை எதிர்க்காதீர்கள். ஆனால் அது பொறுப்புள்ள ஒருவர் செய்ய வேண்டிய வேலை, படிக்கட்டில் எதிர்ப்படுகிறவர் செய்வதற்கில்லை. இனி யாராவது வாய்ப்பாடு கேட்டால் நீங்கள் குறுக்கே வந்து, “அவளிடம் வேறு ஏதாவது பேசுங்களேன், நிறையப் பேசுவாள்” என்று சொல்லுங்கள். பதில் சொல்ல வேண்டிய கடமை தனக்கில்லை என்று அவளுக்குத் தெரியட்டும்.

அவள் உள்ளறைக்குப் போவதுதான் என்னை உறுத்துகிறது. ஏன் போகிறாய் என்று அவளிடமே கேளுங்கள். பள்ளிக்குப் போய்ப் பார்க்கட்டுமா என்று அவள் கேட்டால், அதை உங்கள் தோல்வியாக நினைக்காமல் அனுப்பிப் பாருங்கள்.

அக்காவிடம் வாதாட வேண்டாம், முக்கியமாகப் பள்ளிகளைக் குறை சொல்லி வாதாடவே வேண்டாம், அவர் பிள்ளைகளும் அங்கேதானே படித்திருப்பார்கள். ஒருநாள் காலையில் வரச் சொல்லுங்கள். மகளும் நீங்களும் வழக்கம்போல உங்கள் வேலையைச் செய்யுங்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.