கிளட்ச் பெடல் இல்லாத காரில் ஹாஃப் கிளட்ச்: கேள்வி பதில்

ஏஎம்டி (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்) கார்களின் கிளட்ச் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். இருபது வருஷமாகக் கிளட்ச் வேலை பார்ப்பவன் நான். பெடல் இல்லாததால் கிளட்ச்சே இல்லை என்று நினைத்து ஓட்டி, பிளேட் கருகிய பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. அதனால்தான் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, ஏஎம்டி என்பதும் ஆட்டோமேட்டிக்தானே? அதில் எதற்குக் கிளட்ச்?

ஓட்டுகிறவருக்கு ஆட்டோமேட்டிக். வண்டிக்கு அது மேனுவல்தான், தம்பி. சாதாரண கியர் பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட், அதை இன்ஜின் பக்கம் அழுத்திப் பிடிக்கும் அதே பிரஷர் பிளேட், அந்தப் பிடியை விடுவிக்கும் அதே ரிலீஸ் பேரிங். உங்கள் இடது காலும் இடது கையும் செய்த வேலையை ஆக்சுவேட்டர் என்ற இயக்கும் கருவி செய்கிறது, அவ்வளவுதான். டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் இருக்கும், வழுக்கினாலும் தாங்கும். இங்கே காய்ந்த பிளேட் உரசுகிறது. இந்த ஒரு வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிப் பதில்கள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

நம் ஊரில் இது பரவியது 2014இல் மாருதி செலெரியோ வந்த பிறகு. அதில் மேக்னெட்டி மரெல்லி என்ற இத்தாலிய நிறுவனத்தின் ஹைட்ராலிக் கிட், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. ஒரு சின்ன பம்ப் எண்ணெயை அழுத்தி அக்குமுலேட்டரில் சேர்த்து வைக்கும். கரண்டில் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு அதை அளந்து விட்டுக் கிளட்ச்சைத் தள்ளும். இதே நிறுவனத்தின் அமைப்பு 1997இல் ஃபெராரி எஃப்355 காரில் வந்தது. ரெனோ க்விட் போன்றவற்றில் எண்ணெய் கிடையாது, மின் மோட்டாரே வேலையைச் செய்கிறது.

கேள்வி: கால் வைத்து ஓட்டும்போது ஹாஃப் கிளட்ச் எங்கே என்று எனக்குக் காலிலேயே தெரியும். கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது?

இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்து எழுதலாம்.

முதலில் அளவைப் பாருங்கள். சிறிய கார்களில் கிளட்ச் முழுதாக விடுபட பிரஷர் பிளேட் நகர வேண்டியது ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான். அதற்குள்தான் பிளேட் தொடும் இடம், வழுக்கியபடி இழுக்கும் இடம், இறுகப் பிடிக்கும் இடம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. பெடலும் நெம்புகோலும் அதைப் பெரிதாக்கிக் கொடுப்பதால் நம் கால் சமாளிக்கிறது. நீங்கள் கம்ப்யூட்டர் என்று சொல்லும் கண்ட்ரோலருக்குக் கால் இல்லை, ஒரு பொசிஷன் சென்சார் இருக்கிறது. ஆக்சுவேட்டர் இப்போது எங்கே நிற்கிறது என்று மட்டும் அது சொல்லும். பிளேட் எங்கே தொடுகிறது என்று அதற்குத் தெரியாது. அதைக் கண்ட்ரோலர்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கற்றுக்கொள்ளும் விதம் அழகானது. இன்ஜின் ஐட்லிங்கில் ஓடுகிறது, கியர் நியூட்ரலில். கிளட்ச்சை முழுதாக விடுவித்தால் கியர் பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட் வேகம் குறைந்து அடங்கும். இப்போது கிளட்ச்சை நூல் நூலாக மூட வேண்டும். ஓர் இடத்தில் பிளேட், இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலை லேசாகத் தொடும், அடங்கிய ஷாஃப்ட் மெல்லச் சுழல ஆரம்பிக்கும். அந்தக் கணத்தில் பொசிஷன் சென்சார் காட்டும் எண்ணைக் கண்ட்ரோலர் குறித்துக்கொள்கிறது. நீங்கள் ஹாஃப் கிளட்ச் என்று சொல்லும் இடம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் அந்த இடம் ஓரிடத்தில் நிற்காது. பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட்டை அழுத்தும் டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் ரிலீஸ் பேரிங் பக்கமாக நகரும், தொடும் இடமும் மாறும். பழைய மேனுவல் காரில் கிளட்ச் மேலே தூக்கிப் பிடிக்கிறது என்பீர்களே, அதேதான். சூடேறினாலும் மாறும். காலையில் முதல் சிக்னலில் இருக்கும் இடமும், மதியம் நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்த பிறகு இருக்கும் இடமும் ஒன்றில்லை. ஆகவே கண்ட்ரோலர் அந்த எண்ணை அவ்வப்போது திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

கிளம்பும்போது தொடும் இடம்வரை சட்டென்று போகும், அதுவரை எந்த விசையும் கடத்தப்படாததால் நேரம் கடத்த வேண்டியதில்லை. அப்புறம் நிதானமாக மூடிக்கொண்டே இன்ஜின் வேகத்தையும் ஷாஃப்ட் வேகத்தையும் ஒப்பிடும். இரண்டும் சமமாகும்போது முழுதாகப் பிடித்துவிடும். நல்ல ஓட்டுநரின் கால் செய்வதும் இதே வரிசைதான்.

கேள்வி: மேட்டில் சிக்னல் விழுந்தால் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து நிற்கிறேன். பின்னால் போகவில்லை. தப்பா?

தப்புதான். கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

ஆட்களோடு 1100 கிலோ எடையுள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் கிளம்பி, மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் கிளட்ச் முழுதாகப் பிடித்தால், பிளேட்டில் உண்டாகும் சூடு 4 கிலோஜூல் சொச்சம். வண்டிக்கு எவ்வளவு ஆற்றல் போனதோ, ஏறக்குறைய அவ்வளவே பிளேட்டிலும் சூடாகப் போகும். ஒவ்வொரு தடவை கிளம்புவதற்கும் கொடுக்கும் கூலி அது.

இப்போது மேட்டில் நில்லுங்கள். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவு. வண்டி பின்னால் போகாமல் பிடிக்க, முதல் கியரில் கிளட்ச்சுக்குச் சுமார் 20 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை வேண்டும். இன்ஜின் 1500 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது, சக்கரம் நிற்கிறது. அத்தனை வேலையும் உரசலாகப் போகிறது, சுமார் 3 கிலோவாட். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி மூன்றை அந்தப் பிளேட் மேல் வைத்தது போல. 40 வினாடி சிக்னல் என்றால் 28 தடவை கிளம்பிய சூடு, ஒரே நிற்பில்!

பிளேட்டில் தெர்மாமீட்டர் கிடையாது. எவ்வளவு முறுக்கு, எவ்வளவு வேக வித்தியாசம், எவ்வளவு நேரம் என்று பெருக்கித்தான் கண்ட்ரோலர் சூட்டை மதிப்பிடுகிறது. அளவு மீறினால் பல வண்டிகளில் பீப் சத்தமோ எச்சரிக்கை விளக்கோ வரும். அது வந்தால் ஓரங்கட்டி, நியூட்ரலில் போட்டு ஆறவிடுங்கள். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் ஊர்ந்து பழகியவர்களுக்கு கிளட்ச் கருகும் வாடை தெரியும். மேட்டில் நிற்பது பிரேக்கின் வேலை, அதற்குக் கிளட்ச்சைக் கூப்பிடாதீர்கள்.

கேள்வி: புதுக் கிளட்ச் செட் போட்டு வாங்கி வந்தேன். முன்னைவிட மோசமாகத் துள்ளுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

அவசரப்பட்டு அப்படி முடிவு கட்டாதீர்கள். பழைய பிளேட் தொட்ட இடத்துக்கான எண்ணையே கண்ட்ரோலர் இன்னும் வைத்திருக்கலாம். புதுப் பிளேட் தடிமன், தொடும் இடம் வேறு. பழைய எண்ணை நம்பிச் சட்டென்று மூடினால் வண்டி துள்ளும். 

போன வருஷம் ஒரு டாக்ஸி ஓட்டுநர் இப்படித்தான் வந்தார். வேறொரு இடத்தில் கியர் பாக்ஸை இரண்டு தடவை இறக்கி ஏற்றிவிட்டார்கள். பொருள் எல்லாம் நல்ல பொருள், மாட்டியதும் சரி. கண்ட்ரோலரோடு பேசும் ஸ்கேனரை மாட்டிக் கிளட்ச் லேர்னிங் கொடுத்தேன், அதாவது தொடும் இடத்தைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வைத்தேன். பானெட்டைத் திறந்து வைத்து அவரையும் கேட்கச் சொன்னேன். பம்ப் முனகியது, ஆக்சுவேட்டர் மெதுவாக உள்ளே போய் வந்தது, கியர்கள் ஒவ்வொன்றாக டக், டக் என்று விழுந்து எழுந்தன. சில நிமிஷம்தான். அப்புறம் பட்டறை வாசல் மேட்டில் வண்டியை எடுத்தார். ஒரு குலுக்கல் இல்லை. இரண்டு நாள் வருமானம் போச்சே என்று அவர் சொன்னபோது என்னால் பதில் பேச முடியவில்லை.

ஏஎம்டியில் கிளட்ச் வேலை என்றால் லேர்னிங்கும் சேர்த்துத்தான். வண்டியை விடும்போதே "லேர்னிங் செய்ய ஸ்கேனர் இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

கேள்வி: கியர் மாறும்போது தலை முன்னால் போய் வருகிறது. சரிசெய்ய முடியுமா?

முழுதாக முடியாது. கிளட்ச் விடுபட்டு, கியர் மாறி, மறுபடி பிடிக்கும்வரை சக்கரத்துக்கு விசை போகாது. கியர் மாறப்போகிறது என்று தோன்றும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை லேசாகத் தளர்த்துங்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும். முன்பு இல்லாத குலுக்கல் புதிதாக வந்தால் மட்டும் காட்டுங்கள்.

கேள்வி: கார் கதவைத் திறந்தாலே உய்ங் என்று ஒரு சத்தம். பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா. ஹைட்ராலிக் வகையில் ஓட்டுநர் கதவு திறந்ததும் பம்ப் அழுத்தம் ஏற்றி வைக்கும், நீங்கள் சாவி போடும்போது தயாராக இருப்பதற்கு. ஓடும்போது அந்தப் பம்ப் முன்பைவிட அடிக்கடி போட்டுப் போட்டு அணைகிறது என்றால்தான் கவனிக்க வேண்டும். எண்ணெய்க் கசிவோ, அக்குமுலேட்டர் பலவீனமோ இருக்கலாம்.

கேள்வி: பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

முடியாது. கியர் போடவே கரண்ட் வேண்டும். ஜம்ப் கேபிள் ஒன்று டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிவிஎஸ் 50இல் கிளட்ச் பிடிக்காமலே ஓட்டினோமே! அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நல்ல கேள்வி. அது சென்ட்ரிஃபியூகல் கிளட்ச். இன்ஜின் வேகம் ஏறினால் ஷூக்கள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும். தொடும் இடம் எது என்று யாரும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, தேய்ந்தாலும் அதுவே இன்னும் கொஞ்சம் விரிந்துகொள்ளும். ஒற்றை கியர் வண்டிக்கு அது போதும். கியர் மாற்ற வேண்டும் என்றால் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போதே கிளட்ச்சைத் திறக்க வேண்டும். அதைச் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச்சால் தானாகச் செய்ய முடியாது.

நடுவழியாகவும் சில உண்டு. 2020இல் ஹூண்டாய் வென்யூவில் வந்த, கிளட்ச் பெடல் மட்டும் இல்லாத ஐஎம்டியில் கியரை நீங்களே போடலாம். லீவரைத் தொட்டு நகர்த்தும் எண்ணத்தைச் சென்சார் படித்துக் கிளட்ச்சை விடுவிக்கும். 2023இல் ஹோண்டா அறிவித்த இ-கிளட்ச் பைக்குக்கானது, அதில் கிளட்ச் லீவரும் இருக்கும், வேண்டுமென்றால் கையால் பிடிக்கலாம். பைக்கில் எண்ணெயில் நனைந்த பல தட்டுக் கிளட்ச் என்பதால் சூட்டை அது நன்றாகவே தாங்கும்.

கேள்வி: அம்மாவுக்கு 60 வயது, இடது முட்டி வலி. ஏஎம்டி வாங்கித் தரலாமா? வீட்டு போர்ட்டிகோவுக்கு ரிவர்ஸில் மேடு ஏற வேண்டும்.

தாராளமாக வாங்கித் தாருங்கள், இடது காலுக்கு வேலையே இல்லை. பிரேக்கை விட்டதும் தானாக ஊரும் க்ரீப் வசதியும், மேட்டில் ஒரு சில வினாடி பிடித்து வைக்கும் ஹில் ஹோல்டும் இருக்கிற மாடலாகப் பாருங்கள். டெஸ்ட் டிரைவ் வண்டியை உங்கள் வீட்டுக்கே வரச் சொல்லி, அம்மாவையே அந்த மேட்டில் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்கள்.

தடுமாறினால் ஒரு வழி: ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின்னால் பார்த்தபடி ஆக்சிலேட்டரை மெல்லக் கொடுக்கட்டும். இன்ஜின் சத்தம் கொஞ்சம் கனத்து, வண்டி பின்னோக்கி இழுப்பது உடம்புக்குத் தெரியும். அந்த நொடியில் ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி உருளாமல் ஏறும். சுவர் நெருங்கும்போது ஆக்சிலேட்டரில் கால் இருக்கக் கூடாது, பிரேக்குக்கு வந்துவிட வேண்டும். ஏஎம்டியில் 'பி' நிலை கிடையாது, ஆகவே இறங்கும் முன் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.