ஈயக்குட்டையில் பிள்ளைகள் குளிக்கலாமா?

கேள்வி: பள்ளி விடுமுறைக்கு மலேசியாவின் ஈப்போ பக்கம் தங்கை வீட்டுக்குப் போகிறோம். வீட்டுக்குப் பின்னாலேயே பழைய ஈயக்குட்டை (வெள்ளீயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கியது), தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. சுரங்கம் மூடிப் பல வருஷம் ஆனாலும் அதில் ஆர்செனிக் இருக்கலாம் என்கிறார் தங்கை வீட்டுக்காரர். பிள்ளைகள் குளிக்கலாமா? அந்த மீனைச் சாப்பிடலாமா?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆர்செனிக் ஒரு நச்சுத் தனிமம், மட்கிப் போகிற குப்பை இல்லை. வெள்ளீயமும் தங்கமும் இருக்கிற பாறையில் அதுவும் சேர்ந்தே கிடப்பதுண்டு. தோண்டி, அரைத்து, கழுவிவிட்ட மண்ணோடு குட்டைக்குள் போய், அடிச்சேற்றில் இரும்புத் துருவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அடியில் ஆக்சிஜன் குறைந்தால் அந்தத் துரு கரையும், அப்போது ஆர்செனிக் திரும்பவும் தண்ணீருக்கு வரும். நிறமில்லை, ருசியில்லை. இங்கே குழாயைத் திறந்து அப்படியே குடித்துப் பழகிய பிள்ளைகளுக்குத் தெளிந்த தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர் என்றுதான் தோன்றும்.

கனடாவின் எல்லோநைஃப் ஊரில் ஜயன்ட் தங்கச் சுரங்கம் 1948 முதல் 2004 வரை ஓடியது. தாதுவை வறுத்தபோது புகையோடு போன ஆர்செனிக் சுற்றுவட்டார ஏரிகளின் வண்டலில் இன்னமும் இருக்கிறது. புகையிலிருந்து பிடித்துவைத்த ஆர்செனிக் தூசு மட்டுமே 237,000 டன், நிலத்தடியில் கிடக்கிறது. 1951இல் அங்கே ஒரு பழங்குடிக் குழந்தை ஆர்செனிக் விஷத்தால் இறந்தது. அந்த மக்கள் அப்போது பனியை உருக்கிக் குடித்தவர்கள், புகைத்தூசு படிந்ததும் அதே பனியில்தான். இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், தென் தாய்லாந்தின் ரோன் பிபூன் என்கிற வெள்ளீயச் சுரங்க ஊரே போதும். அங்கே கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களுக்கு ஆர்செனிக்கால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடித்துப்போனது 1987இல் வெளியே தெரிந்தது.

அதற்காக எல்லா ஈயக்குட்டையும் விஷம் என்று சொல்ல மாட்டேன், பாறைக்குப் பாறை மாறும். தண்ணீரையும் சேற்றையும் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தண்ணீர் வற்ற வற்ற ஆர்செனிக்கின் அடர்த்தி கூடத்தான் செய்யும். மீனும் முடிவு வரும்வரை வேண்டாம், முக்கியமாகக் குடலும் ஈரலும்.

குளிப்பதைப் பற்றி: தோல் வழியாக உள்ளே போவது சொற்பம், விழுங்குவதுதான் பயம். கரையோரம் கால் வைத்ததும் சேறு புகை மாதிரி எழும்பும், சின்னப் பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான். அப்புறம், இந்தக் குட்டைகள் தோண்டி எடுத்த பள்ளங்கள், கரை சட்டென்று சரியும். முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிற பிள்ளைக்கு அடுத்த எட்டிலேயே தலைக்கு மேல் போய்விடும். ஆர்செனிக் இல்லை என்று தாள் கைக்கு வந்தாலும் அதில் இறக்காதீர்கள்.