மாதிரி பெட்ரோலை எங்கே ஊற்றுவது?

கேள்வி: கோயம்புத்தூர்ப் பக்கம் விமானம் ஓட்டப் பழகும் என் மகள், பறக்கும் முன் டேங்கின் அடியிலிருந்து பெட்ரோல் பிடித்துப் பார்த்துவிட்டுத் தரையில் வீசுகிறாளாம். சரியா?
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: சரியில்லைம்மா. விமான மெக்கானிக்காக இருந்து ரிடையராகிக் குன்னூரில் உட்கார்ந்திருக்கிறேன். இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். சின்ன விமானங்களுக்கு ஊற்றும் அந்த நீல நிற 100எல்எல் ரக பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். பெட்ரோல் ஆவியாகிவிடும், ஈயம் மண்ணிலேயே கிடக்கும். தோட்டத்து மருந்து டப்பாவை ஓடையில் கழுவினால் நாம் சண்டைக்குப் போவதில்லையா?

தண்ணீர், தூசி தெரிந்தால் கழிவு எரிபொருள் கேனில் ஊற்றச் சொல்லுங்கள். சுத்தமாக இருந்தால், பள்ளி அனுமதித்தால், தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டிக் கோப்பை வழியாக டேங்கிலேயே திருப்பி ஊற்றலாம். அப்புறம், கோப்பையில் நீலமே தெரியாவிட்டால் அது முழுக்கத் தண்ணீராகவோ ஜெட் எரிபொருளாகவோ இருக்கலாம். அன்று பறக்கவே வேண்டாம், ஆசிரியரைக் கூப்பிடட்டும்.