ஸ்கைரிமில் மேஜுக்கு மேஜிக்கா ஏன் பற்றுவதில்லை?

கேள்வி: ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டில் மேஜாக (மந்திரவாதியாக) ஆடுகிறேன். லெவல் 30, டிஸ்ட்ரக்‌ஷன் (தாக்கும் மந்திரத் திறன்) 50. ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தை இரண்டு முறை வீசினாலே 250 மேஜிக்காவும் (மந்திர சக்தி) காலி, எதிரியோ சாவதில்லை. என்சான்ட்டிங் (பொருட்களில் மந்திரம் ஏற்றுவது) செய்யலாம் என்று சேர்த்து வைத்திருந்த கிராண்ட் சோல் ஜெம்களில் (ஆன்மாவை அடைக்கும் பெரிய ரகக் கற்களில்) ஓநாய் ஆன்மாக்கள் போய் அடைந்துவிட்டன. சூரியன் என்பது வானத்தில் விழுந்த ஓட்டை என்று ஆட்டத்தில் வருகிறதே, இந்தக் கதைக்கும் மேஜிக்காவுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: தொடர்பு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டால் மேஜிக்கா ஏன் தீர்கிறது, ஆன்மா ஏன் முக்கியம் என்பது தெரியும்.

ஸ்கைரிம் இடம்பெறும் எல்டர் ஸ்க்ரோல்ஸ் விளையாட்டுத் தொடரின் புராணத்தில், லோர்கான் என்ற தெய்வம் தூண்டிவிட்ட படைப்புத் திட்டத்துக்கு வரைபடம் போட்டவர் மேக்னஸ். படைப்பு தம் சக்தியையே உறிஞ்சுகிறது என்று கண்டதும் பாதி வேலையில் விட்டுவிட்டு ஏத்தீரியஸ் என்ற மந்திர உலகுக்குத் தப்பி ஓடினார். ஓடும்போது அவர் கிழித்த ஓட்டைதான் சூரியன். அவர் பின்னாலேயே போன மேக்னா கே கூட்டம் போட்ட சின்ன ஓட்டைகள் நட்சத்திரங்கள். அந்த ஓட்டைகள் வழியாகக் கசிந்து வருவதுதான் மேஜிக்கா. நட்சத்திரங்களும் இருப்பதால் இரவிலும் அது நிற்பதில்லை.

கசிவு என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா நிற்கும்போது உங்கள் மொத்த மேஜிக்காவில் நொடிக்கு 3 சதவீதம் திரும்பி வரும். சண்டையில் அது மூன்றில் ஒரு பங்காகிவிடும். 250 மேஜிக்கா உள்ளவருக்குச் சண்டையில் நொடிக்கு 2.5 புள்ளிதான். ஃபயர்பாலின் அடிப்படை விலை 133 மேஜிக்கா, உங்கள் திறன் அளவில் ஏறக்குறைய 99. அப்படியென்றால் அடுத்த ஃபயர்பாலுக்கு 40 நொடி காத்திருக்க வேண்டும். லெவல் ஏறும்போதெல்லாம் மேஜிக்காவிலேயே புள்ளி போட்டாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

இந்த உலகத்தில் மந்திரத்துக்கு இன்னொரு எரிபொருளும் உண்டு, அதுதான் ஆன்மா. கசிவை நம்பி ஆடும் மேஜ் நடு லெவலில் திணறுவார். நிலையாக நிற்க வேண்டுமென்றால் ஆன்மாவை உடையில் ஏற்றி, மந்திரத்தின் விலையையே குறைக்க வேண்டும்.

முதலில் உடனே செய்யக்கூடியது: டிஸ்ட்ரக்‌ஷன் 50-இல் கிடைக்கும் 'அடெப்ட் டிஸ்ட்ரக்‌ஷன்' பெர்க்கை (லெவல் ஏறும்போது எடுக்கும் சிறப்புத் திறனை) எடுங்கள். ஃபயர்பாலின் விலை பாதியாகி 50-க்குப் பக்கத்தில் வந்துவிடும், அதே 250-இல் ஐந்து முறை வீசலாம்.

எதிரி சாகாததற்குக் காரணம் வேறு. டிஸ்ட்ரக்‌ஷன் திறன் ஏறினால் விலை குறையுமே தவிர அடி கூடாது. ஃபயர்போல்ட் 25, ஃபயர்பால் 40, அவ்வளவுதான். 'ஆக்மென்டட் ஃப்ளேம்ஸ்' பெர்க் நெருப்பின் அடியை இரண்டு படிகளில் 50 சதவீதம் வரை கூட்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் மருந்துதான். ஃபோர்டிஃபை டிஸ்ட்ரக்‌ஷன் என்ற பெயர் உடையில் வந்தால் விலை குறையும், மருந்தில் வந்தால் 60 நொடிக்கு அடி கூடும். பெயர் ஒன்று, வேலை இரண்டு. இங்கே பலர் குழம்புகிறார்கள். மருந்துக்கு நைட்ஷேடும் க்ளோயிங் மஷ்ரூமும் போதும். நைட்ஷேடோடு க்ளோ டஸ்ட்டைச் சேர்க்காதீர்கள். இரண்டுக்கும் மேஜிக்கா மீள்வதைக் கெடுக்கும் குணம் பொதுவாக இருப்பதால், மருந்திலேயே விஷமும் சேர்ந்துவிடும்.

எதிரி யார் என்றும் பாருங்கள். நார்டு இன மனிதர்களுக்கும் ட்ராகர் என்ற நடமாடும் பிணங்களுக்கும் பனி மந்திரம் பாதிதான் உறைக்கும், டன்மர் என்ற எல்ஃப் இனத்தாருக்கு நெருப்பு அப்படி. ட்ரோல்களை நெருப்பால் அடியுங்கள். டிஸ்ட்ரக்‌ஷன் 40-இல் 'இம்பாக்ட்' எடுத்து இரு கையாலும் ஒரே மந்திரத்தை வீசினால் பெரும்பாலான எதிரிகள் தடுமாறி நிற்பார்கள். ஆனால் இரட்டை வீச்சு 2.8 மடங்கு மேஜிக்காவைத் தின்றுவிட்டு 2.2 மடங்கு அடிதான் தரும். ஆகவே விலையைக் குறைக்கும் உடை இல்லாமல் இதையே நம்ப முடியாது.

இனி அந்த உடை. என்சான்ட்டிங் 100, 'என்சான்டர்' ஐந்து படி, 'இன்சைட்ஃபுல் என்சான்டர்' ஆகிய பெர்க்குகளோடு கிராண்ட் ஆன்மா போட்டால் ஒரு பொருளுக்கு 25 சதவீதம் விலைக்குறைப்பு கிடைக்கும். தலை, உடல், மோதிரம், கழுத்தணி என்று நான்கிலும் ஏற்றினால் டிஸ்ட்ரக்‌ஷன் மந்திரங்களுக்கு மேஜிக்காவே செலவாகாது. 'எக்ஸ்ட்ரா எஃபெக்ட்' கிடைத்த பிறகு அதே நான்கு பொருளில் இன்னொரு மந்திரப் பிரிவையும் சேர்க்கலாம். பெயரில் டிஸ்ட்ரக்‌ஷன் என்று வரும் மோதிரமோ கழுத்தணியோ கிடைத்தால் அதை டிஸ்என்சான்ட் செய்து (உடைத்து) அதிலுள்ள மந்திரத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். மேஜ் அங்கியை உடைத்தால் வருவது மேஜிக்கா மீட்போடு கலந்த வேறு ரகம், உடலுக்கு மட்டுமே பொருந்தும். அதை நம்பி மோதிரத்தோடு என்சான்ட்டிங் மேசைக்குப் போனால் பட்டியலில் அது இருக்காது.

100-க்கு ஏற கிராண்ட் ஜெம் தேவையில்லை. ஆன்மா எவ்வளவு சிறிதாக இருந்தாலும் ஒரு முறை என்சான்ட் செய்தால் கிடைக்கும் அனுபவம் ஒன்றுதான். இரும்புக் கத்தியும் மிகச் சிறிய ஆன்மாவும் போதும். ரிவர்வுட் பக்கத்திலுள்ள மேஜ் ஸ்டோனைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள், 20 சதவீதம் வேகம் கூடும்.

ஓநாய் உங்கள் கிராண்ட் ஜெம்மில் போய் உட்கார்ந்ததற்கு வருவோம். ஆன்மா தனக்குப் பொருந்தும் காலி ஜெம்களில் சிறியதைத் தேடும். சிறியது இல்லையென்றால் பெரியதில் ஏறிவிடும், மீதி இடத்தை அப்புறம் நிரப்ப முடியாது. உயிரின் லெவல் 4-க்குக் கீழே என்றால் ஆன்மா பெட்டி (petty) ரகம், 4 முதல் 15 வரை லெஸ்ஸர், 16 முதல் 27 வரை காமன், 28 முதல் 37 வரை க்ரேட்டர், 38-லிருந்து கிராண்ட். மாமத் யானையின் ஆன்மா கிராண்ட், அதை மேய்க்கும் ராட்சதனுடையது க்ரேட்டர்தான். ஆகவே காலி கிராண்ட் ஜெம்களை வீட்டில் வைத்துவிட்டு மாமத் வேட்டைக்கு மட்டும் எடுத்துப் போங்கள். மற்ற நாட்களில் சிறிய காலி ஜெம்கள் மட்டும் பையில் இருக்கட்டும். ஆயுதத்தில் சோல் ட்ராப் (ஆன்மாவைப் பிடிக்கும் மந்திரம்) ஏற்றும்போது நேரத்தை 1 நொடிக்கு இறக்கினால் சார்ஜ் பல மடங்கு நீடிக்கும், கடைசி அடியில் அது போதும்.

மாமத்தைத் தேடி அலைய வேண்டாம் என்றால் கருப்பு சோல் ஜெம் இருக்கிறது. மனிதர், எல்ஃப், காஜீத், ஆர்கோனியன் போன்றோரின் ஆன்மா கருப்பு வகை. கொள்ளைக்காரன் எந்த லெவலில் இருந்தாலும் கிராண்ட் அளவுக்குத்தான் கணக்கு. கருப்பு ஜெம் மற்ற உயிர்களின் வெள்ளை ஆன்மாவையும் ஏற்கும், ஆகவே ஓநாய் பிரச்சினை இதிலும் வரும். அந்த ஆன்மாக்கள் எங்கே போகின்றன என்பதை டான்கார்ட் விரிவாக்கம் காட்டுகிறது. சோல் கெய்ர்ன் என்ற சாம்பல் நிலத்தில், அந்த நிலத்தை ஆளும் ஐடியல் மாஸ்டர்களின் பிடியில், மீள வழியில்லாமல் அலைகின்றன. உங்கள் பாத்திரத்தை நல்லவராக ஆடுகிறீர்கள் என்றால் இதை யோசித்துச் செய்யுங்கள். கதை இந்த விஷயத்தில் சலுகை காட்டுவதில்லை.

நிரந்தர வழி வின்டர்ஹோல்டு ஊருக்குத் தெற்கே உள்ள, அசூரா என்ற தெய்வத்தின் கோயிலில் தொடங்கும் குவெஸ்ட். கடைசியில் அதில் கிடைக்கும் நட்சத்திரம் என்ற சோல் ஜெம்மை அசூராவிடம் கொடுத்தால் உடையாமல் திரும்பத் திரும்பப் பயன்படும் அசூராஸ் ஸ்டாரும், அரனேயா என்ற துணையும் கிடைக்கும். அதில் வெள்ளை ஆன்மா மட்டுமே. நெலகார் என்ற மந்திரவாதியிடம் கொடுத்தால் ப்ளாக் ஸ்டார், இரு வகையும் ஏறும். என்சான்ட்டிங்குக்காக மட்டும் பார்த்தால் ப்ளாக் ஸ்டார்தான் எங்கள் தேர்வு. இரண்டிலுமே சின்ன ஆன்மா தவறி ஏறிவிட்டால் ஏதாவது ஓர் ஆயுதத்தை ரீசார்ஜ் செய்து காலி பண்ணிவிட்டு அடுத்த வேட்டைக்குப் போங்கள்.